மணி அடித்தால்தான் சொல்வோம்

நெட்டூரணியில் பந்தல் போடுகிறவர்கள் நாலு பேர். நாலு பேரின் புத்தியையும் ஒன்றாகக் கூட்டினால் ஒரு ஆளுக்கு ஆகும் என்று ஊரார் சொல்வார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

அவர்களில் மூத்தவன் கொழுந்தவேல்; மற்றவர்கள் மாயழகு, பெத்தணன், சீனியப்பன். கொழுந்தவேலுக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் கல்யாணத்துக்குக் கால் நட்டவன், தன் வாசலில் ஒரு மூங்கில் நட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தான். ஒருவழியாக மேட்டுப்பட்டியில் ஒரு பெண் அமைகிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து சுகிர்தா என்ற ஆராய்ச்சியம்மா வந்து சேர்ந்தாள். உழைக்கிறவர்களின் மனசு நாள் முழுக்க எப்படி மாறுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. நாலு பேரின் போனிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டாள்.

"அண்ணே, இது திடீர் திடீர்னு மணி அடிக்கும். அடிச்ச உடனே, கையில இருக்கிறதை அப்படியே விட்டுட்டு, என்ன செய்யறீங்க, மனசு எப்படி இருக்குன்னு சொல்லிடணும். பொய் கூடாது. மணி அடிக்காதப்ப எதுவும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் கோயில் வாசலில் நாலு பேரும் சேர்ந்து நடுக்கம்பத்தைத் தூக்கி நிறுத்துகையில் நாலு போனும் மணியடித்தன. கையில் இருந்ததை அப்படியே விட்டார்கள். கம்பம் தர்மகர்த்தாவின் புது ஸ்கூட்டர் மேல் படுத்தது. 'என்ன செய்கிறீர்கள்?' என்பதற்கு நாலு பேரும் 'போன் பார்க்கிறோம்' என்று போட்டார்கள். மனசு எப்படி? 'அமைதி.'

அதற்குப் பிறகு வந்த எல்லா மணிக்கும் அதே பதில்தான். ஆராய்ச்சியம்மா பதறிப்போய்க் கூப்பிட்டாள். "அண்ணே, மணி அடிக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கன்னு எழுதுங்க!"

எழுதினார்கள்: 'மணி எப்போ அடிக்கும்னு பார்த்துக்கிட்டு இருந்தோம்.' அதுவும் சத்தியம்தான். பந்தல் பாதியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை ஊர் செல்போன் டவர் பழுதாகி, மணி நின்றுபோனது. மணி இல்லாததால், தனக்கு என்ன செய்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை சீனியப்பன் காலில் ஆணி ஏறியது. அவன் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மேட்டுப்பட்டிக்குப் போனார்கள். பெண் குமராயி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவளைப் பார்த்ததும் கொழுந்தவேலின் நெஞ்சுக்குள் யாரோ பந்தல் போட்டு வாழை கட்டியது போல இருந்தது.

பெண்ணின் தகப்பனார் காத்தமுத்து கேட்டார். "என்ன தம்பி, பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

கொழுந்தவேல் வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்த மாயழகு அவன் தொடையைக் கிள்ளினான். "மணி அடிக்கலை, மாப்ளே."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

"கூச்சமா இருக்கோ?" என்றார் காத்தமுத்து.

"கூச்சமெல்லாம் இல்லைங்க பெரியவரே," என்றான் பெத்தணன். "மணி அடிச்சாச் சொல்லிடுவான்."

அந்த நேரம் பார்த்து, மேட்டுப்பட்டி டவரைப் பிடித்துக்கொண்ட கொழுந்தவேலின் போன், தேங்கிக் கிடந்த மணிகளையெல்லாம் மொத்தமாகக் கொட்டியது. அவன் சந்தோஷத்தோடு விரலை நீட்டினான். மாயழகு எட்டிப் பார்த்தான்.

"பொறு. இது செவ்வாய்க்கிழமை மணி."

"அதுக்கென்ன?"

"செவ்வாய்க்கிழமை நீ இந்தப் பொண்ணைப் பார்த்தியா?"

"இல்லையே."

"பார்க்காத பொண்ணை எப்படிடா பிடிக்கும்? பொய் சொல்லலாமா?"

கொழுந்தவேல் வெட்கப்பட்டுப் போனான். "அடுத்தது?"

"புதன்."

"புதன்கிழமை என் காலில ஆணி," என்றான் சீனியப்பன். "அன்னைக்கு நல்ல சேதி எதுவும் பேசாதீங்க."

காத்தமுத்துவுக்கு வேர்த்தது. "இன்னைக்கு மணி எப்பத்தான்யா அடிக்கும்?"

"அது தெரிஞ்சுட்டா ஆராய்ச்சியே கெட்டுப்போயிருமே," என்றான் பெத்தணன், பரிதாபப்பட்டு.

குமராயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாமி மணியை எடுத்துவந்து, கொழுந்தவேலின் காதருகே கணகணவென்று ஆட்டினாள். "இது ஞாயித்துக்கிழமை மணி. சொல்லுங்க!"

நாலு காபி டம்ளரும் தரையில் விழுந்தன.

"பசிக்குது!" என்றான் மாயழகு.

"கால் மரத்துப்போச்சு!" என்றான் பெத்தணன்.

"ஆ!" என்றான் சீனியப்பன்.

"பிடிச்சிருக்கு! ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்றான் கொழுந்தவேல்.

காத்தமுத்து பெருமூச்சு விட்டார். ஆனால் மாயழகு நியாயஸ்தன். "பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்கணும்ல?" என்று மணியை வாங்கி அவள் எதிரே ஆட்டினான்.

"செவ்வாய்க்கிழமை இவரு போட்டோவைப் பார்த்தப்ப எனக்கும் பிடிச்சிருந்துச்சு," என்றாள் குமராயி. "இப்பப் பிடிக்கலை."

கொழுந்தவேலின் முகம் மலர்ந்தது. "செவ்வாய்க்கிழமையா? நல்லவேளை, அதுக்கு நான் இன்னும் பதில் போடலை!" அந்த மணியைத் தேடிப்பிடித்து 'மகிழ்ச்சி' என்று அமுக்கினான்.

மாயழகு அவன் தோளைத் தட்டினான். "அப்புறமென்ன மாப்ளே, முகூர்த்தத்தையும் செவ்வாய்க்கிழமையே வெச்சிரலாம்."

"வர்ற செவ்வாயா?"

"கிறுக்கா, போன செவ்வாய்டா! வர்ற செவ்வாய்க்குள்ள பொண்ணு மனசு மாறிட்டா என்ன பண்ணுவே?"