இருபத்து மூன்றாம் டோக்கன் மீன்

எங்கள் தெருவில் பிரிட்ஜ் இல்லாத வீடு இல்லை. ஆனால் பிரிட்ஜுக்குப் பயந்து நடந்த வீடு தங்கப்பழம் அண்ணாச்சி வீடு ஒன்றுதான்.

அங்கே அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் தங்கப்பழம், நடுவுள்ளவர் சித்திரைவேல், கடைசி லிங்கதுரை. மூன்று பேருக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவள் மூத்தவர் மனைவி செல்வக்கனி. அவளும் கவலைப்படுவாளே தவிர யோசிக்க மாட்டாள்.

போன மாதம் பிரிட்ஜைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், போகிற போக்கில் ஐந்து விஷயம் சொன்னார். கதவை அடிக்கடி திறக்காதீர்கள். சூடாக எதையும் உள்ளே வைக்காதீர்கள். காலியாகக் கிடந்தால் கரண்டு வீண், தண்ணீர் பாட்டிலாவது வைத்து நிரப்புங்கள். முதலில் வைத்ததை முதலில் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறைந்த மீனை வெளியே போடாமல், கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள்.

ஐந்தும் நல்ல வார்த்தைதான். நல்ல வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா?

அன்றைக்கே லிங்கதுரை அரை லிட்டர் பாட்டில் இருபத்திரண்டை நிரப்பி உள்ளே அடுக்கினார். வரிசை தப்பக் கூடாதென்று சித்திரைவேல் ஒவ்வொன்றிலும் டோக்கன் நம்பர் ஒட்டினார். கதவைத் திறக்கக் கூடாது என்பதால் அதன்பிறகு ஒரு பாட்டிலும் வெளியே வரவில்லை.

இந்த நிலைமையில்தான் தங்கப்பழத்தின் மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை பால்துரை, அவளோடு ஞாயிற்றுக்கிழமை முதல் விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. வெள்ளிக்கிழமையே இரண்டு கிலோ சீலா மீன் வாங்கினார்கள். நடுப்பகல் வெயிலில் வந்த மீனை தங்கப்பழம் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. சூடாக உள்ளே வைத்தால் கரண்டு போய்விடும். ஆகவே மேலே ஒரு ஃபேன், பக்கத்தில் ஒரு ஃபேன் போட்டு மூன்றரை மணி நேரம் ஆற வைத்தார்கள். இரண்டு பூனைகள் கூடவே காவலிருந்தன. பிறகு மீன் ஃப்ரீசருக்குப் போனது, டோக்கன் இருபத்து மூன்று.

ஞாயிறு பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். நான்கு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். முதல் விருந்தில் மீன் வைக்காமல் மாப்பிள்ளையை அனுப்பினால், அவர்கள் பக்கத்தில் பேரன் காலம் வரை பேசுவார்கள். செல்வக்கனி மசாலா அரைத்து, புளி கரைத்து, பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள்.

"மதினி, மீன் இருபத்து மூணு. இன்னும் ஒண்ணாம் நம்பரே போகலை" என்று சித்திரைவேல் குறுக்கே நின்றார்.

"பாட்டிலை ஓரமா எடுத்து வச்சுட்டு மீனை எடுத்தா என்ன?" என்றார் லிங்கதுரை.

"எடுத்து வைன்னா மெக்கானிக் சொன்னாரு? சாப்பிட்டுத் தீர்த்திருன்னுல்லா சொன்னாரு."

"அப்போ செடிக்கு ஊத்திருவோம்."

"எலே, செடியா விருந்துக்கு வந்திருக்கு?"

ஒன்றாம் நம்பரை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். முதல் நாளே ஏன் எதற்கு என்று கேட்டால் மரியாதையாக இருக்காதென்று அவர் குடித்தார். மகள் இரண்டாம் நம்பர், தங்கப்பழம் மூன்று என்று வீடே சுற்றி உட்கார்ந்து குடித்தது. பிரிட்ஜ் காலியாகிவிடாமல் லிங்கதுரை அந்தப் பாட்டில்களையே நிரப்பி நிரப்பி உள்ளே வைத்தார். அவற்றுக்கு இருபத்து நான்கிலிருந்து நாற்பத்தைந்து வரை நம்பர்.

ஒன்றரை மணிக்கு ஒருவழியாக மீனின் முறை வந்தது. கருங்கல்லாக இருந்தது. அது தங்கப்பழத்தின் காலில் விழுந்ததில் காலுக்குத்தான் சேதம். ஐந்தாவது விஷயம் ஞாபகம் வந்து, அதை இளகுவதற்காகக் கீழ்த்தட்டில் வைத்தார்கள். சித்திரைவேல் அதில் நாற்பத்தாறு என்று எழுதி ஒட்டினார்.

செல்வக்கனி புளிச் சட்டியும் கையுமாக வந்தாள். "அது உள்ளேயே கிடந்த மீன்தானே கொழுந்தனாரே?"

"ரேஷன் கடையில அரிசி வரிசையில நின்னவன் சீனி வரிசைக்கு மாறினா, வாலுல போய்த்தான் நிக்கணும் மதினி."

மாப்பிள்ளையே "நியாயம்தான்" என்றார். பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று தங்கப்பழத்துக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

மீன் இறங்கியதில் ஃப்ரீசர் காலியாகிவிட்டது. லிங்கதுரைக்குப் பொறுக்கவில்லை. அடுக்களையில் கைக்குக் கிடைத்த ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைத்தார். அதற்கும் டோக்கன் ஒட்டினார்கள்.

மணி இரண்டு. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம், மீனுக்கு இருபத்திரண்டு பாட்டில். மாப்பிள்ளை இருபத்து நான்காம் நம்பரை வாங்கி, பாதியில் வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல இறங்கல மாமா. தாகம் இருந்தாத்தானே குடிக்க முடியும்."

வீடு துக்க வீடு போல் ஆனது. அப்போது செல்வக்கனிக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு யோசனை உதித்தது.

"உறைப்பா எதையாவது தின்னா தாகம் தன்னால வரும். நம்ம எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி இருக்கே, அதை எடுங்க."

எல்லோருக்கும் உயிர் வந்தது. சித்திரைவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார்.

"நல்ல யோசனை மதினி. ஊறுகாய் நாப்பத்தேழு. இந்த மீன் ஆனதும் அதுதான்."