முரசும் பானையும் பவளாயி சுட்ட ஆப்பமும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், ஆறுகளுக்கு யாரும் பேர் வைக்காத நாளில், நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா பிள்ளையில்லாமல் கண்ணை மூடிவிட்டார். ஜனங்கள் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தெருவுக்கு ஒருவர் பெயரை ஓலையில் எழுதி ஒரு மண்பானையில் போட்டுக் குலுக்குவார்கள். கையில் வரும் முதல் ஐந்து பேர் அந்த வருஷம் நாட்டைப் பார்த்துக்கொள்வார்கள். வாய்க்கால் வெட்டுவதா மதகு கட்டுவதா என்று மூன்று நாள் கத்துவார்கள், நாலாம் நாள் மண்வெட்டியை எடுப்பார்கள். ஏதோ நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் கரட்டுமலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வந்து இரண்டு ஆட்டைத் தின்றுவிட்டது. இரண்டே இரண்டு ஆடு! அதற்கு இந்த ஜனங்கள் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். தளபதி வச்சிரபாகு சந்தையில் ஏறி நின்று, “மூன்றே மூன்று மாதம் பானையை என்னிடம் கொடுங்கள். பூதத்தை விரட்டியதும் திருப்பித் தருகிறேன்” என்றான். அவன் பிடுங்கவில்லை, திருடவில்லை. இவர்களே பானைக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, மேளதாளத்தோடு கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

தளபதி பானையின் வாயை ஒரு மண்மூடியால் மூடி அரக்கு வைத்து அடைத்தான். பிறகு ஒரு மந்திரவாதியிடமிருந்து முரசு ஒன்று வாங்கி வந்தான். டம் டமடம் என்று அது முழங்கினால் கேட்டவர் கால் எல்லாம் ஒரே சீராக நடக்கும். முழக்கம் எட்டும் இடத்தில் யாராவது கேள்வி கேட்டால் நின்ற இடத்திலேயே கல்தூணாகிவிடுவார்.

மூன்று மாதம் முடிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாத்தையன் என்ற ஒருத்தன் மட்டும் கோட்டை வாசலுக்குப் போய், “மூன்று மாதம் மு...” என்றான். டம் டமடம். திறந்த வாயோடு கல்லாகிவிட்டான்.

அவன் பெண்டாட்டிதான் நம்ம பவளாயி, சந்தையில் ஆப்பம் சுட்டு விற்றவள். அன்றிலிருந்து தினமும் காலையில் போய் அவன் முகத்துத் தூசியை முந்தானையால் துடைப்பாள். “எல்லாரும் சும்மா இருக்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்று திட்ட வேண்டும்போல் வாய் துறுதுறுக்கும். அதுவும் கேள்வியாயிற்றே. விழுங்கிக்கொண்டு வருவாள்.

மூன்று மாதம் மூன்று வருஷமானது, பன்னிரண்டு வருஷமும் ஆகிவிட்டது. அதற்குள் நாட்டை என்ன பாடு படுத்தினார்கள் என்கிறீர்கள்! உப்பளம் ஒரு படைத்தலைவனுக்கு, மீன்துறை ஒருவனுக்கு, எண்ணெய்ச் செக்கு இன்னொருவனுக்கு. செக்கு கிடைத்த மகாராஜன், மாடு வட்டம் சுற்றுவது ஒழுங்கீனம், நேராக நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். மாடு நேராக நடந்து ஆற்றில் இறங்கியது. எண்ணெய் போச்சு, மாடும் போச்சு. மாடு எதிரியிடம் கூலி வாங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது.

நல்ல நெல்லெல்லாம் படைக்கொட்டடிக்குப் போனது, ஜனங்களுக்குக் குருணை. கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கினியைப் படைநடை போட்டு வலம் வந்தார்கள். பிள்ளைகள் அம்மாவுக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்கள். கிணற்றடியில் ஒருத்தி வாளியை இறக்கினால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து போவாள், எதைப் பேசி எதில் மாட்டுவோமோ என்று. வாயடித்தே வளர்ந்த ஊர் அது.

பவளாயியைப் படைக்கு ஆப்பம் சுடப் பிடித்துப் போட்டார்கள். ஆப்ப மாவு கள்ளு ஊற்றி வைத்தால் ஒரு ராத்திரி புளிக்க வேண்டும். கொட்டடித் தலைவன், மாவு ஒரு நாழிகையில் பொங்க வேண்டும் என்று உத்தரவிட்டான். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாவுக்கு முன்னால் நின்று ஒருவன் முரசுகூட அடித்துப் பார்த்தான். மாவு அசையவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் படை கேடயம்போன்ற ஆப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தது, சொல்ல ஒருவனுக்கும் வாயில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு விழாவுக்குப் புது மண்டபம் வேண்டும் என்றான் தளபதி. வாசலுக்கு வந்து கேள்வி கேட்டவர்களெல்லாம் தூண்களாக வரிசையாக நிற்கிறார்களே, வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் செதுக்க ஆரம்பியுங்கள் என்று சிற்பிகளுக்கு ஆணை போனது. முதல் தூண் சாத்தையன். அதைக் கேட்ட பவளாயி மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். உளி பட்டால் ஆள் திரும்பி வந்தாலும் முழுசாக வருவானா?

அது புதன்கிழமை. தினம் மூன்று வண்டி உணவு மலைக்குப் போகும். புதிதாக வந்த வண்டிக்காரன் முந்தின நாள் கிளம்பும்போதே, இதெல்லாம் யாருக்கு என்று கேட்டுத் தூணாகிவிட்டதால், பவளாயியையே ஓட்டச் சொன்னார்கள். முரசுச் சத்தம் எட்டாத உயரத்துக்குப் போனாள். அங்கே ஒரு பாறையில் இரும்புச் சங்கிலியால் கட்டுண்டு கிடந்தது பூதம். தொப்பையும் தொங்கிய காதுமாகச் சலித்துப்போய்ப் படுத்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. “ஏன்யா, உன்னை விரட்டுறதுக்குத்தானே அவன் வந்தான்?”

“விரட்டுறதாவது!” என்றது பூதம். “ஆடு தின்ன மறுநாளே நான் என் ஊருக்குக் கிளம்பிட்டேன் ஆத்தா. அவன்தான் கட்டிப்போட்டான். நான் இந்த எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அந்த முரசு பேசும். ஜனங்க பயப்பட சாயங்காலம் ஒரு தடவை உறுமணும், அதான் என் வேலை. தொண்டை புண்ணாப் போச்சு.”

சங்கிலியை எப்படி அறுப்பது என்று கேட்டாள். உத்தரவுப்படி வரும் ஒவ்வொரு கவளத்துக்கும் அது இறுகும், யாரும் சொல்லாமல் ஒருவர் தாமாகக் கொடுக்கும் ஒரு வாய் உணவுக்கு அறும் என்றது பூதம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வாய் யாரும் கொடுத்ததில்லையாம்.

இவ்வளவுதானா என்று நினைத்தாள் பவளாயி. வியாழக்கிழமை கொட்டடி மாவில் ஒரு ஆப்பம் சுட்டு மடியில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சங்கிலி ஒரு சுற்று இறுகியது. பூதம் வலியில் முனகியது. கொடுத்த மனசு அவளுடையது, ஆனால் மாவு உத்தரவுக்குக் கரைத்த மாவு. அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. பன்னிரண்டு வருஷத்தில் தன் கையும் அவர்கள் கையாகிவிட்டதே என்று அழுகையும் வந்தது.

வீட்டில் சாத்தையன் வருவான் என்று ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி நல்ல அரிசி இருந்தது. அதை ஊறவைத்து அரைத்து, கள்ளு ஊற்றி மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மூடியைத் திறந்தால் மாவு அப்படியே கிடக்கிறது. குளிர்க்காற்று, பொங்கவில்லை. கோட்டைப் பக்கம் சிற்பிகள் உளி தீட்டும் சத்தம் கேட்டது. “பொங்கித் தொலையேன்” என்று கத்தப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கத்தினால் அவளும் கொட்டடித் தலைவனும் ஒன்றாகிவிடுவார்களே. மாவுப் பானையை மடியில் வைத்து, புடவையால் சுற்றி, வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. மாவுக்குள் ஒரு குமிழி வந்தது. பிறகு பொலபொலவென்று எழும்பியது.

ஒரே ஒரு ஆப்பம் சுட்டாள். ஓரம் முறுகல், நடுவில் மெத்து. தேங்காய்ப்பால் ஊற்றித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மலையேறினாள். ஓடினாள் என்று சொல்ல வேண்டும். முரசு முழங்க, கால் படைநடை போடப் பார்த்தது. தடுக்கி விழுந்து, முட்டி தேய, தவழ்ந்தே ஏறினாள்.

பூதம் ஆப்பத்தை வாயில் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது. கண்ணீர் தொப்பையில் சொட்டியது. சங்கிலி படீரென்று அறுந்தது. “ஆத்தா, நீ நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு மூன்றே எட்டில் எல்லை தாண்டிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோட்டையில் உச்சிப்பொழுது. சாத்தையன் தோளில் உளியை வைத்து சிற்பி சுத்தியலை ஓங்கினான். தளபதி முரசில் கோலை இறக்கினான். டம் என்று வர வேண்டிய இடத்தில் டர்ர் என்று தோல் கிழிந்தது. தூணெல்லாம் ஆளாயிற்று. சிப்பாய்கள் இஷ்டத்துக்குக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவன் அந்த ஆப்பத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக நினைத்ததை வாய்விட்டுச் சொன்னான். தளபதி கிழிந்த முரசை அடித்துக்கொண்டே இருந்தான். அவனைக் கொண்டுபோய்ச் செக்கில் பூட்டினார்கள், வட்டமாகச் சுற்றச் சொல்லி.

பவளாயி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சாத்தையன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

“...முடிஞ்சுதா, இல்லையா?”

அவள் தலைமுடி நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தான். பவளாயி அவன் தோளைத் தடவிப் பார்த்தாள், ஒரு கீறலும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், அழுது முடித்துத் திட்டினாள். அந்தத் திட்டு பொழுது சாயும்வரை நீண்டது.

அரக்கை உடைத்துப் பானையைத் திறந்தார்கள். பழைய ஓலைகள் அப்படியே இருந்தன. கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக வெற்றிலை போட்டிருப்பேன். கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, பூதம் திரும்பி வந்தாலும் வரலாம், ஒரு மூன்று மாதத்துக்கு நல்ல பலசாலி ஒருத்தர் பானையை வைத்திருந்தால் தேவலை என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆமாம், ஆட்டினார்கள்.

பவளாயி ஆப்பக் கரண்டியை எடுத்துப் பானையின் மூடியைத் தூள்தூளாக உடைத்தாள். பிறகு, அந்த மனிதர் முகத்துக்கு நேராகக் கரண்டியை நீட்டியபடியே சாத்தையனிடம் பானையைக் குலுக்கச் சொன்னாள்.

மூடியில்லாத அந்தப் பானை இன்றைக்கும் நெடுங்கரைச் சந்தையில் இருக்கிறது. அதை நாளுக்கு ஒரு வீட்டார் காவல் காக்கிறார்கள். பக்கத்திலேயே பவளாயி வகையறாவின் ஆப்பக்கடை. சாப்பிட்டவர் வாழ்ந்தார்கள், கேள்வி கேட்டவரும் வாழ்ந்தார்கள்.