எழுபது வோல்ட்

"பிளக் என் கையில இருந்துச்சுங்க அம்மிணி. என் கையில! அப்பறம் எப்படிங்க வெடிக்கும்?"

வெள்ளியங்கிரி கோணிப்பையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. எதிரே இருந்த சாரதாமணிக்கு முப்பத்தொன்று. கோவை கணபதியில், லேத்துப் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி செய்வதை அவர் அவளிடம்தான் கற்றார்.

பெட்டி அவர் கையால் செய்தது. எழுபது வோல்ட். கதவில் பூ வெட்டும் மிஷினின் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்களை அது ஓட்டியது. மிஷின் அவருக்கும் தம்பி நஞ்சப்பனுக்கும் பொது.

எட்டு நாளைக்கு முன்பு பெட்டியில் ஃபியூஸ் போனது. அவர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நஞ்சப்பன் குனிந்து ஃபியூஸைக் கழற்றினான். திருப்புளி வழுக்கி உள்ளே எதிலோ பட்டது.

நீலமாக ஒரு வெளிச்சம். உருகிய இரும்புத் துணுக்குகள் நஞ்சப்பனின் இரண்டு கண்ணிலும் போய் ஒட்டிக்கொண்டன.

"அவனே சொல்றானுங்க, என் கை வழுக்கிருச்சுண்ணான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைங்க சொல்றது? பேசாம இருந்தேன்."

சாரதாமணி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே, கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் சின்னச் சொம்பு மாதிரி நின்றது. அதன் தலையில் இரண்டு திருகாணிகள். நடுவில் மாட்டியிருக்க வேண்டியது இல்லை.

அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புது ஃபியூஸ் போட்டு, பெட்டியின் பிளக்கைச் சுவரில் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க கையில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

மீட்டரின் இரண்டு ஒயரையும் திருகாணிகளில் மாட்டினாள்.

எழுபது.

"கரண்ட் செத்து சைபர் வந்ததும் சொல்லுங்கண்ணா" என்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து லேத்து நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. மணி மூன்றாயிற்று.

"அம்மிணி, ஆஸ்பத்திரியில நாலு மணிக்குத் தம்பிக்குக் கட்டுப் பிரிக்கறாங்க. ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணு என்னாச்சுன்னு இன்னிக்குத்தான் தெரியுமாம்."

"செத்துருச்சுங்களா?"

"அறுபத்தேழுங்க."

அப்போது அவள் திரும்பாமலே பேசினாள். அவருடைய குரலில். அந்தத் தொண்டைச் செருமல், அந்த இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக.

"'க்கும்... சும்மா சூடாகிட்டே கெடக்குதுங்க அம்மிணி. ஒரு வேலையும் செய்யறதில்ல. இது எதுக்குங்க தெண்டத்துக்கு?'"

போன மாதம் அவர் சொன்ன இதையே அவள் பேசிக் காட்டியபோது பட்டறையே சிரித்தது. அதிகம் சிரித்தவர் அவர்தான்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தார். வெள்ளையாக, சாக்பீஸ் துண்டு மாதிரி, தேங்கிய கரண்டை வடிக்கும் ஒரு ரெசிஸ்டர். இரண்டு கம்பிக் கால்களும் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே நேராக நீட்டிக்கொண்டிருந்தன. மாட்டியிருந்தால் மடங்கியிருக்கும்.

"நஞ்சப்பண்ணன் கேக்கலீங்களா?"

"பெட்டிய மாட்டறப்பவே கேட்டான். அந்த வெள்ளைக் கட்டைய வெச்சயாண்ணான்னு."

"நீங்க?"

அவர் மீட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"வெச்சாச்சுடான்னேன்."

அவள் ரெசிஸ்டரை வாங்கினாள். காலை மடக்காமல், இரண்டு கிளிப்பால் திருகாணிகளோடு சேர்த்துக் கவ்வவிட்டாள்.

அறுபது. நாற்பது. இருபத்தைந்து. ஒன்பது. இரண்டு.

ஒரு பீடியைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுக்கும் நேரம். அவ்வளவுதான்.

சாரதாமணி தன் கட்டைவிரலை இரண்டு திருகாணிக்கும் குறுக்கே வைத்து அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கிளிப்பைக் கழற்றி ரெசிஸ்டரை அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"பெட்டியில வெச்சரட்டுங்களா, அம்மிணி?"

"மணி மூணரைங்கண்ணா."

ஆஸ்பத்திரி நடையில் நஞ்சப்பனின் மனைவி கோகிலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். இவரைப் பார்த்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இன்னொரு கண்ணும் இல்லை.

நஞ்சப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டு இல்லை. முகம், ஆள் இல்லாத பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணனா? செருப்புச் சத்தமே சொல்லுதே. அந்த ஓட்டைச் செருப்ப எப்பத்தான் மாத்துவ?"

"நஞ்சா..."

"மிஷினை வித்துகித்துராத, ஆமா. மோட்டாரைத் தடவியே மாட்டிருவேன் பாரு. உன் பெட்டி மேல தப்பில்ல. இந்தப் பாழாப்போன கைதான். வழுக்கிருச்சு."

வெள்ளியங்கிரி அந்தக் கையைப் பிடித்தார். விரித்தார். பையிலிருந்ததை அதில் வைத்தார்.

"என்னதிது? பிஸ்கட்டா?"

நஞ்சப்பன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் தடவினான். ஒரு முனை. இன்னொரு முனை. பிறகு ஒரு கம்பி, அதன் நுனிவரைக்கும். மற்றக் கம்பி, அதன் நுனிவரைக்கும். மறுபடி முதல் கம்பி.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எடுக்க அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

"கால் மடங்கவே இல்லையேண்ணா" என்றான்.