பின்வாசல் இல்லாத மாளிகை

"சாத்து கதவை!"ன்னு தண்டோராக்காரன் தெருவுல நின்னு கத்துறான். குருவம்மா திறந்த வாசக்கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுக்குறா. "வர்றவளுக்கு வழி விடணும்ல அண்ணே"ன்னுட்டு, உள்ளே போய்ப் பின்வாசக் கதவுக்கும் ஒண்ணு வைக்கிறா.

வர்றவ யாருன்னு கேக்குறியா? கடல்தான். கப்பல் வந்து நிக்கிற பழைய பட்டணம் அது. வாசல்ல கடல், கொல்லையில உப்பங்கழி. ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கடல் ஏறித் தெருவுக்கு வரும். அன்னிக்கு எல்லாரும் ரெண்டு கதவையும் திறந்துட்டு, பானையைப் பரண்ல ஏத்திட்டு, பிள்ளைங்களைக் கட்டில்ல ஏத்திட்டு இருப்பாங்க. முன்னால வந்தது பின்னால போயிடும். சாத்தினா தண்ணி தெருவுலயே நின்னு மண்சுவரை ஊறவெச்சுச் சாய்ச்சுப்புடும்.

அந்த வருசம் பார்த்து மலையில இருந்து ராசா பட்டணம் பார்க்க வந்துட்டாரு. புதுசா வந்த அதிகாரி தாண்டவராயன், ராசாவுக்கு மச்சினன், என்ன உத்தரவு போட்டான் தெரியுமா? "வீட்டுக்குள்ள கடல் வர்ற ஊருன்னா மானம் போயிடும். கதவைச் சாத்திக் களிமண் பூசுங்க. திறந்திருக்கிற வீட்டை இடிப்பேன்!" ஊரே பயந்து பூசிக்கிச்சு.

தண்டோராக்காரன் போனான், சேவகன் வந்தான். "சாத்து!"

"வர்றவளுக்கு வழி விடணும்ல தம்பி?"

சேவகன் போனான், தாண்டவராயனே வந்தான். "ஏ பொம்பளை, கடைசியாச் சொல்றேன், சாத்து!"

"வர்றவளுக்கு வழி விடணும்ல ஐயா?"

"நாளைக்கு உன் வீடு தரைமட்டம்!"

மாமனார் மண்ணு மிதிச்சுக் கட்டின வீடு. குருவம்மா அந்தச் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தா. ஆனா செங்கல்லை எடுக்கல.

சாப்பாட்டு வேளைக்குக் கடல் வந்துச்சு. முதல் வீட்டைத் தட்டுச்சு, திறக்கல. அடுத்த வீட்டைத் தட்டுச்சு, திறக்கல. குருவம்மா வீட்டுக்கு வந்து, நுழைஞ்சு, கட்டிலுக்கு அடியில ஓடி, கழியில இறங்கிடுச்சு. அவ கட்டில் மேல வெத்திலை போட்டுக்கிட்டுப் பார்த்தா.

தாண்டவராயன் புதுசாக் கட்டின மாளிகையில ராசாவுக்கு விருந்து நடக்குது. வாசல்ல களிமண்ணு இருக்கு, கழிவுத்தண்ணி போற சலதாரையை மறந்துட்டாங்க. அதுவழியா தண்ணி புகுந்து முழங்கால் அளவு ஏறிப்போச்சு. இலை மிதக்குது, அப்பளம் மிதக்குது, அதைப் பிடிக்கக் குனிஞ்ச தாண்டவராயன் தலைப்பாகையும் மிதக்குது. சிரிக்காதே, கேளு.

"பின்வாசலைத் திறடா"ன்னாரு ராசா.

"வைக்கலயே அத்தான்..."

ராசா வேட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தாரு. தெருவெல்லாம் தண்ணி நிக்குது, ஒரு வீட்டுல மட்டும் ஓடுது. அங்கே போய் எட்டிப் பார்த்தாரு. "ஏம்மா, கடல் வீட்டுக்குள்ள வருதே, வெக்கமா இல்லையா?"

குருவம்மா தண்ணிக்குள்ள இறங்கி நின்னா. "எதுக்கு வெக்கம் ராசா? கடலைப் பார்க்க நீங்க மலையில இருந்து இறங்கி வந்திருக்கீங்க. எங்களைப் பார்க்கக் கடல் தானா நடந்து வருது. என்ன, நாளைக்கு வந்தா இந்த வீடு இருக்காது. இடிக்கப் போறாராம் உங்க மச்சினர்."

அதைக் கேட்டுக்கிட்டே பக்கத்து வீட்டுக்காரி கதவுல இருந்த களிமண்ணைச் சுரண்டினா. அப்புறம் எதிர்வீடு, அப்புறம் தெரு முழுக்க. படபடன்னு கதவு திறக்குற சத்தம்.

ராசா ஒரு கடப்பாரையை வாங்கி மச்சினனோட மோதிரம் போட்ட கையில கொடுத்தாரு. "இடிக்கணும்னியாமே? உன் மாளிகைப் பின்சுவர்ல ஆரம்பி. ஆள் வைக்கக் கூடாது."

பொழுது சாயுற வரைக்கும் இடிச்சான். முழங்கால் தண்ணியில நின்னு, ஊரு பார்க்க.

அடுத்த ஐப்பசிப் பௌர்ணமி. குருவம்மா கழிக்கரையில உக்காந்து, தண்ணி ஏறுறதுக்குள்ள பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தா. மாளிகையோட புதுப் பின்கதவு திறந்துச்சு. மோதிரம் போட்ட ஒரு கை வெளியே வந்து, கதவு அடிச்சுக்காம இருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துட்டு உள்ளே போச்சு.