விதைக்கு விட்ட பாத்தி

பெருமழையில் தானியமெல்லாம் அழுகிப்போன ஒரு காட்டில், ஒரு தாய்முயல் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அதற்கு இல்லையென்று சொல்ல வராது. மிஞ்சிய கொத்தமல்லி விதை, அதன் வளைக்குள் இருந்த ஒரு பிடி மட்டும்தான்.

முயல் அதைக் காலால் தேய்த்து, இரண்டிரண்டாக உடைத்து, வளைக்குப் பின்னால் இரண்டு பாத்திகளில் விதைத்தது. ஒன்று கிள்ளிச் சாப்பிட. மற்றது விதைக்கு.

"இதில் வாய் வைக்காதீங்க. இது போனால் அடுத்த வருஷம் மல்லியே கிடையாது" என்று குட்டிகளிடம் சொல்லி வைத்தது.

மல்லி தழைத்ததும் வாசம் பிடித்துக்கொண்டு ஒரு குரங்கு வந்தது. அதற்குத் தன் நாக்குதான் பெரிது.

"முயலக்கா, ஒரு கொத்து குடு. மல்லி இல்லாத ரசம் வெந்நீர் மாதிரி இருக்கு."

முயல் கொடுத்தது. மறுநாளும் கொடுத்தது. கேட்கக் கேட்கக் கொடுத்ததில் முதல் பாத்தி மொட்டையானது. குரங்கு அடுத்ததைப் பார்த்தது.

"அது விதைக்கு விட்டது, தம்பி."

"பூ எடுக்கப் போகுதே அக்கா. பூத்துட்டா இலையெல்லாம் நூல் நூலாப் போயிடும். வீணாக்கவா வளர்த்தே?"

"அப்போ விதைக்கு?"

"என் மரப்பொந்துக்கு வெள்ளம் ஏறுமா என்ன? ஒரு சுரைக்குடுக்கை நிறைய விதை வெச்சிருக்கேன். உனக்குத் தராம அதை வெச்சுப் பல்லாங்குழியா ஆடப்போறேன்?"

முயல் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. கடைசிச் செடிவரை வேரோடு பிடுங்கிக் கொடுத்தது.

அடுத்த வருஷம் மழை பெய்தது. முயல் பாத்தியைக் கொத்திவிட்டுக் குரங்கின் மரத்தடியில் போய் நின்றது.

"தம்பி, அந்தக் குடுக்கை?"

"எந்தக் குடுக்கை?"

"மல்லி விதை. தர்றேன்னு சொன்னியே."

"அதுவா? ஏதோ பேச்சுக்குச் சொன்னது." குரங்கு வயிற்றைச் சொறிந்துகொண்டது. "எனக்கும்தான் ரசம் தொண்டையில இறங்கல. காட்டுக்கே இருந்தது உன் விதை ஒண்ணுதான். கொஞ்சமாவது விதைக்கு விட்டிருக்க வேணாமா அக்கா?"

முயல் வந்த வழியே திரும்பி நடந்தது.

வளைக்குப் பின்னால் குட்டிகள் ஈரமண்ணைக் காலால் நிரவிவிட்டு, விதைக்காகக் காத்திருந்தன.

நீதி: அடுத்த வருஷத்து விதையை இன்றைய நாக்குக்குக் கொடுத்தால், தின்ற வாயே நம்மைக் குற்றம் சொல்லும்.