இடிக்கிற இடம்

தேரிக்காட்டு மடத்துத் தங்கம்மைக்கு ஐம்பது வயது. அவருடைய மூத்த சீடர் நல்லசிவத்துக்கு அறுபத்தேழு. பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்த மறுவாரமே மடத்துக்கு வந்து சேர்ந்தவர். ஒன்பது வருஷமாகியும் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். அம்மையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அம்மைக்குக் கண்பார்வை கிடையாது. தினமும் மதியம் அவருக்கு மடத்து வேத நூலை வாசித்துக் காட்டுவது வாத்தியாரின் வேலை. வாசிப்பு என்றால் அப்படி ஒரு வாசிப்பு. எங்கும் தட்டாது, திக்காது. முக்கால் மணி நேரத்தில் முடித்துப் புத்தகத்தை மூடும்போது, தன்னை விட்டால் இங்கே ஆளில்லை என்ற நினைப்பு அவர் முகத்தில் தெரியும். அம்மைக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அப்புறம் ஞானப்பூ வந்தாள். ஊர் வேதக்கோயிலில், அதாவது கிறிஸ்தவ ஆலயத்தில், உபதேசியாராக இருந்து காலமானவரின் மனைவி. மடத்துக்குக் கருப்பட்டி கொண்டுவருகிறவள். ஒருநாள் அம்மை அவளிடம், "உங்க கோயில்ல வாசிக்கிறத இங்கயும் கொஞ்சம் வாசியேன், ஞானப்பூ" என்று கேட்டுவிட்டார். மறுநாளே அவள் தன் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

அதற்கும் வேதம் என்றுதான் பேர். வாத்தியாருக்கு முதல் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

சாயங்காலமானால் ஞானப்பூ எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒரு வரியைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். நடுவில் அம்மை, "இன்னொரு தரம்" என்பார். அவள் அதே வரியைத் திரும்பவும் கூட்டுவாள். கதவுக்குப் பின்னால் நிற்கிற வாத்தியாருக்கு உடம்பெல்லாம் காந்தும். கருப்பட்டியில் மணல் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரும் தின்று பார்த்தார்கள். மணல் இல்லை.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் காலையில் துணிமணியை மூட்டை கட்டி வாசலோரம் வைத்துவிட்டு, கையில் ஒரு தாளோடு அம்மை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க, வாத்தியாரே."

"அந்த வேதம் நம்ம நூலுக்கு மேல கட்டுனதா, இல்ல நம்ம நூலோட இடிக்குதா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"மேல கட்டுனதா இருந்தா, அடியில இருக்கிற நம்ம நூலே போதும். ஆனா கட்டுனதா தெரியல. இடிக்குது. பதினோரு இடத்துல இடிக்குது. எழுதியே கொண்டாந்திருக்கேன்."

"வாசிங்க."

வாத்தியார் வாசித்தார். நமக்குப் பல பிறவி, அவர்களுக்கு ஒரே பிறவி. நாம் வினை என்கிறோம், அவர்கள் மன்னிப்பு என்கிறார்கள். நாம் உருவம் வைத்துக் கும்பிடுகிறோம், அவர்கள் கூடாது என்கிறார்கள். இப்படியே பதினொன்று. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு இடத்திலும் நாக்கு தட்டவில்லை.

"ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ ஆகாது, அம்மா. ஒண்ணு அந்தப் புத்தகம் இங்க வரக்கூடாது, இல்லன்னா நான் ஊருக்குப் போயிருதேன்."

"வாசல்ல என்னமோ வச்சீங்களே, மூட்டையா?"

"மூட்டைதான்."

அம்மை தலையை ஆட்டினார்.

"நீங்க எழுதுன பதினொண்ணும் நெசம். இடிக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். இதுல எது நேத்து ஞானப்பூ வாசிச்சதுல வந்துச்சு?"

வாத்தியார் தாளைப் பார்த்தார். எது எந்த நாள் வாசித்தது என்று அதில் இல்லை.

"சரி, நேத்து என்னதான் வாசிச்சா?"

"ஒரு மணி பத்து நிமிஷம் வாசிச்சாங்க."

"நேரம் கேக்கல."

"ஒரு பக்கம்கூடத் தாண்டல."

"அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

வாத்தியார் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கதவுக்குப் பின்னாலதானே நின்னீங்க. தொண்டையைக் கனைச்சது கேட்டுச்சே."

"நின்னேன்."

"பத்து நாளும்?"

"பத்து நாளும்."

"ஒண்ணுமே காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இன்னொரு தரம்னு நீங்க சொன்னது விழுந்துச்சு. நேத்து மட்டும் மூணு தடவை. அவங்க தப்பும் தவறுமா வாசிச்சதையே திரும்ப வாசிக்கச் சொன்னீங்க. நான் ஒன்பது வருஷமா வாசிக்கேன். ஒருநாள்கூட என்கிட்ட அப்படிக் கேட்டதில்லையே, அம்மா."

வெளியே யாரோ வாளியைக் கிணற்றில் இறக்கினார்கள்.

"இது உங்க தாள்ல எத்தனாவது?"

"தாள்ல இல்ல."

"அப்ப இது பன்னெண்டாவது இடம்."

"ஆமா."

"அதையும் வாசிச்சிருங்க."

வாத்தியார் தாளை மடித்துத் தரையில் வைத்தார். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன். வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் ஞானப்பூ எழுத்துக் கூட்டுகிற மாதிரிதான் வந்தது.

"எனக்கு... அவங்க மேல... பொறா... பொறாமையா இருக்கு."

அம்மை முன்னால் குனிந்து, காதை அவர் பக்கம் திருப்பினார்.

"இன்னொரு தரம்" என்றார்.