தூவி அறுத்த கூடு

பறவையும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் சாரங்கர் என்ற முனிவர் கலைக்கூடம் வைத்திருந்தார். அறுபத்துநான்கு கலைகளும் அங்கே உண்டு. மண் குழைக்கும் இடத்தில் குயவன் மகனுக்குப் பக்கத்தில் குளவி உட்கார்ந்திருக்கும். நூல் நூற்கும் இடத்தில் சிலந்தி. பின்னல் கற்றவை தூக்கணாங்குருவிகள், அதுவும் ஆண் குருவிகள் மட்டும். "முட்டையிடுவது அறுபத்துநான்கில் வரவில்லையே" என்று முனிவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அதுவே சட்டமாகிவிட்டது. பெண் குருவிகள் வாசலோடு நின்றன.

ஆணும் பெண்ணும் அன்று ஒரே பழுப்பு நிறம். ஆனால் தேறிய மாணவனின் உச்சந்தலையில் முனிவர் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். அதற்கொரு வழக்கம் உண்டு. செய்த பொருளைக் கூடத்து முளையில் மாட்ட வேண்டும். அவர் சுற்றி வந்து பார்த்து, தலையசைத்தால் தேர்ச்சி.

கீற்றன் என்ற குருவி மாட்டிய கூட்டைப் பார்த்து அவர் இரண்டு முறை தலையசைத்தார். அப்படி ஒரு அழகு. மஞ்சள் தலையோடு கீற்றன் வீடு வந்தபோது அவன் நடையே மாறிப்போயிருந்தது. கூட்டைப் பனையோலையில் கட்டினான். அவன் துணை தூவி, அதில் முட்டையிட்டாள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கூடு எம்மாத்திரம்? ஒரு வீச்சில் கூடு தலைகீழாகப் புரண்டது. முட்டைகள் அத்தனையும் ஆற்றில் விழுந்தன. தூவி தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தாள். அழுதாள், பிறகு அழுகை நின்று கோபம் வந்தது.

கீற்றனோ அதே போல இன்னொரு கூட்டைப் பின்னி மறுபடி முளையில் மாட்டினான். முனிவர் மஞ்சளை எடுத்தார். வாசலில் நின்ற தூவி உள்ளே பறந்து வந்து கூட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

"மஞ்சளை வைக்காதீங்க சாமி. போன கூடு என் பிள்ளைகளை ஆத்துல கொட்டிடுச்சு."

"வித்தை கற்காதவள் சபையில் பேசலாமா?" என்றார் முனிவர்.

கீற்றனுக்கு மானம் போயிற்று. "ஆசானே ஒத்துக்கிட்டார். குறை சொல்ல நீ யாரு?"

"நானா? இதுல குடியிருக்கப் போறவ!"

சொன்னதோடு நிற்கவில்லை. கூடு தொங்கிய முடிச்சை அலகால் அறுத்தாள். கூடு முனிவரின் காலடியில் விழுந்தது.

முனிவரின் முகம் சிவந்தது. "தேறிய பொருளை அழித்தவளுக்கு இந்தக் கரையில் கூடு கிடையாது!"

தூவிக்கு அடுத்த முட்டைகளுக்கு நாள் நெருங்கியிருந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் கூடு கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை.

"வேண்டாம் சாமி. மழையில நனைஞ்சாலும் நனைவேன். எனக்குப் பிடிக்காத கூட்டுல இனி முட்டையிட மாட்டேன்."

ஆற்றோரத்துக் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் கரையிலிருந்த பெண் குருவிகள் எல்லாம் அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தன. அவர்களும் முட்டைகளைப் பறிகொடுத்தவர்கள்தானே. பனைகளில் மஞ்சள் வாங்கிய கூடுகள் காலியாக ஆடின. மழை கொட்டியது. தூவி நடுங்கினாள், ஆனால் இறங்கி வரவில்லை.

மழையில் கீற்றனின் மஞ்சளும் கரைந்து வழிந்தது. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. கூடத்துக்குப் போகாமல், வீசுகிற காற்றிலேயே, பனையோலை நுனியில் பின்னத் தொடங்கினான். பாதி வந்ததும், இதுவும் புரண்டுவிடுமோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. கூட்டின் அடியில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூவினான்: "தூவி, வந்து பாரு! சொல்லு, திருத்துறேன்!"

அவள் வந்தாள். ஒவ்வொரு நாராக இழுத்துப் பார்த்தாள். "ஆடுது. கனம் வேணும்."

அவன் ஈரக் களிமண் கொண்டுவந்து உள்ளே அப்பினான். (அந்த மண் மின்மினியை ஒட்டி விளக்கு வைப்பதற்கு என்பார்கள். நம்பாதீர்கள்.)

"இப்படி மண்ணைப் பூசினா ஆசான் மஞ்சள் வைக்க மாட்டாரே" என்று முணுமுணுத்தான்.

"ஆசானா இதுல முட்டையிடப் போறார்?"

மீதியை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். தூவி முட்டையிட்டாள். காற்று மறுபடி வந்தது. கூடு ஆடியது, புரளவில்லை.

கரையில் நின்று பார்த்த முனிவர் மஞ்சள் கிண்ணத்தோடு பனையடிக்கு வந்தார். "தூவி, இனி கூடத்துக்கு வா. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் தேர்வு செய்."

"கூடத்துல காத்து அடிக்காது சாமி. பரீட்சை இங்கேயே நடக்கட்டும்."

முனிவர் கீற்றன் தலையில் மட்டும் மஞ்சளைத் தடவிவிட்டுப் போனார்.

அந்த ஆடி தொட்டுத்தான், மழைக்காலம் வந்தால் ஆண் தூக்கணாங்குருவியின் தலை மஞ்சளாகிறது. தலை மஞ்சளானாலும் அவன் பாதிக் கூட்டைப் பின்னிவிட்டு, அடியில் தொங்கிச் சிறகடித்து அவளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். பனையில் பாதியில் நிற்கும் கூடுகளைப் பார்த்தால் காற்று பிய்த்துப்போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தூவியின் பெண்கள் வந்து, இழுத்துப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன கூடுகள் அவை.